கடலலை அலுமினியக் கம்பனியும் அத்தானும்

எங்கள் கம்பனியின் வரலாற்றை யாராவது கேட்டால் அத்தான் கடலில் இருந்துதான் தொடங்குவார். எங்கள் ஊரான தண்ணீரூற்றில் கடல் எங்கே இருக்கிறது என்று கேட்கக் கூடாது. தகரக் கொட்டகை ஒன்று, நிலத்தில் தோண்டிய உலை ஒன்று, மண் அச்சு அடிக்கும் பெட்டிகள் கொஞ்சம். சொத்து இவ்வளவுதான். வாசலில் தொங்குகிற பலகை மட்டும் கொட்டகையின் அகலத்துக்கு இருக்கிறது: கடலலை அலுமினிய உற்பத்தி நிறுவனம். உடைந்த சட்டியையும் யன்னல் சட்டத்தையும் உருக்கிச் சமையல் தாச்சி வார்க்கிற இடத்துக்கு இவ்வளவு பெரிய பெயர் எதற்கு என்று கேட்டேன். பெயராவது பெரிதாக இருக்கட்டும் என்றார்.

அத்தானின் பெயர் ஸ்ரனிஸ்லஸ். என் அக்கா ஜோசப்பினைக் கட்டியவர். முல்லைத்தீவுக் கடலில் உழைத்து வளர்ந்த மனுசன், ஓரிடத்தில் இருக்கமாட்டார். சோற்றுக் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நடந்து நடந்து சாப்பிடுவார். வேதக் கோயிலில் அவருக்குக் கடைசி வரிசைதான். பிரசங்கம் நீண்டால் எழுந்து வெளியே போக அதுதான் வசதி. அக்கா திட்டித் திட்டி அலுத்துவிட்டா.

மண்ணெண்ணெய் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற வருடம் அவருடைய வள்ளமும் கரையில் கிடந்தது. வேலையில்லாத அத்தானை வீட்டில் வைத்திருந்த அக்காவுக்கு விசர் பிடிக்காத குறை. அந்த நாட்களில்தான் பழைய இரும்பு வாங்கிக்கொண்டு முத்துலிங்கம் எங்கள் வீட்டுப் படலைக்கு வந்தார். ஒட்டுசுட்டான் பக்கத்து ஆள். அவருடைய தகப்பன் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறியவர். முத்துலிங்கம் இளவயதில் தெற்கே ஒரு பாத்திரப் பட்டறையில் நின்று வார்ப்பு வேலை பழகியிருந்தார். எரிவாயு இல்லாமல் எல்லா வீட்டிலும் விறகு எரிகிறது, தடித்த தாச்சி கேட்டுச் சனம் அலைகிறது, உலை போட இடம்தான் இல்லை என்று தேத்தண்ணி குடித்தபடி சொன்னார். அத்தான் இரண்டாம் கேள்வி கேட்கவில்லை. அடுத்த கிழமையே வள்ளத்தை விற்றுவிட்டார். அக்காவுக்குப் பிறகுதான் சொன்னார். அந்தச் சண்டையை நான் இங்கே எழுதப்போவதில்லை.

எஞ்சினை மட்டும் விற்கவில்லை. அது ஏற்கெனவே இறுகிப்போய், எஞ்சினென்று யாரும் வாங்காத நிலையில் கிடந்தது. சாக்கால் மூடிக் குசினிச் சுவரோடு சாய்த்து வைத்திருந்தார்.

கம்பனி ஓடியது. தாச்சிகளைப் பளை வரைக்கும் சந்தைகளில் விற்பது என் வேலை. அச்சு அடிப்பதும் அராவுவதும் அத்தானின் வேலை. உலையும் வார்ப்பும் முத்துலிங்கம் மட்டும். அவரிடம் இரண்டு கட்டளைகள் இருந்தன. வன்னி மண்ணில் கிடப்பதெல்லாம் பழைய இரும்பு அல்ல, வெடிக்காத குண்டுகளும் கிடக்கும், ஆகவே என்னவென்று தெரியாத எதையும் தொடுவதில்லை. அடுத்தது ஈரம். உருகிய அலுமினியத்துக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் அகப்பட்டால் அது ஆவியாகி வெடிக்கும். சாமான்களைத் தகரத்தில் பரப்பி வெயிலில் காயவிட்ட பிறகே உலைப் பக்கம் கொண்டுவர விடுவார். மழைக்கால இருட்டு வந்தால் அன்றைக்கு உலை இல்லை. அத்தான் கொட்டகையைச் சுற்றி நடந்து முணுமுணுப்பார்.

இந்த வருடம் ஒரு கோயில் திருநாளுக்குப் பெரிய தாச்சிகள் கேட்டிருந்தார்கள். அலுமினியம் போதவில்லை. அத்தான் குசினிச் சுவரோடு கிடந்த எஞ்சினைக் கழற்றினார். தண்ணீருக்குள் இறங்குகிற, காற்றாடி பூட்டுகிற அலுமினியக் கீழ்க்காலைத் தனியே எடுத்து, காய்ந்த சாமான் குவியலில் வைத்தார். முத்துலிங்கம் அதைப் பார்த்துவிட்டு, உண்மையாகவே தருகிறீர்களா என்று கேட்டாராம். பழசுதானே என்று அத்தான் சொன்னாராம்.

அன்று நான் வெளியே தாச்சிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு நின்றேன். நிலம் அதிர்ந்தது. சத்தம் கேட்டவுடன் என் உடம்பு தானாகவே தரையில் படுத்துவிட்டது. எங்கள் ஊரில் யுத்த காலத்துப் பழக்கம் இன்னும் போகவில்லை. எழுந்து ஓடிப்போய்ப் பார்த்தால் கூரைத் தகரத்தில் ஓட்டைகள், உலையைச் சுற்றி வெள்ளித் துளிகள். முத்துலிங்கத்தின் வலக்கையும் கழுத்தின் ஒரு பக்கமும் வெந்திருந்தன. அச்சுப் பெட்டி எடுக்க வெளியே போயிருந்த அத்தானுக்கு ஒரு கீறலும் இல்லை.

ஓட்டோ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்னரே ஊருக்குக் காரணம் தெரிந்துவிட்டது. பழைய இரும்போடு குண்டு வந்து வெடித்ததாம். பொலிஸ் வந்து சாம்பலைக் கிளறிப் பார்த்தது. ஒன்றும் கிடைக்கவில்லை, விசாரிக்கிறோம் என்று போய்விட்டார்கள். சனத்துக்கு விசாரணை தேவைப்படவில்லை. காட்டுக்குள் கண்டதையும் பொறுக்குகிற ஆள், எங்கள் பிள்ளைகள் நடமாடும் இடத்துக்குக் குண்டு கொண்டுவந்துவிட்டான் என்றார்கள். தோட்டத்தில் இருந்து வந்த குடும்பங்களைக் குத்துகிற அந்தக் கெட்ட வார்த்தையும் கூடவே வந்தது. இங்கே பிறந்து, எங்களோடு இடம்பெயர்ந்து, எங்களோடு பங்கருக்குள் கிடந்த மனுசனுக்கு அந்த வார்த்தை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முத்துலிங்கமும் அதை நம்பியதுதான் கொடுமை. தன் கண் எங்கேயோ பிசகிவிட்டது, இனி இந்தத் தொழில் வேண்டாம் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு சொன்னார். அப்படி இருக்காது என்று அத்தான் வாதாடினார். ஊராரோடும் வாதாடினார். காரணம் அவருக்கும் தெரியவில்லை.

பிறகு ஒருநாள் காலை மீன் வாங்கக் கரைக்குப் போனோம். கடலால் வந்த ஒருவர் எஞ்சினைக் கழற்றித் தோளில் சுமந்து வந்து, நல்ல தண்ணீர் நிரப்பிய பீப்பாவுக்குள் இறக்கினார். உப்பு தின்னாமல் இருக்க எல்லாரும் தினமும் செய்வது. அத்தான் பேசிக்கொண்டிருந்த கதையைப் பாதியில் விட்டுவிட்டு அதையே பார்த்தார். மீன் வாங்காமல் திரும்பினோம்.

அதற்குப் பிறகு மனுசன் ஆளே மாறிவிட்டார். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒட்டுசுட்டான் சந்திவரை போவார், திரும்பி வருவார். கொட்டகையைத் திறப்பார், பூட்டுவார். ஓட்டை விழுந்த தகரத்தை மாற்ற ஏறி, ஆணியை அடிக்காமலே இறங்கினார். அவரைப் பார்த்துப் பார்த்து எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. வழியை மறித்துக்கொண்டு, என்ன நடந்தது என்று கேட்டேன்.

“கிருசா, நான் அதைக் கழுவினனான்.”

அன்று எஞ்சினின் கீழ்க்காலைக் கழற்றியதும் கிணற்றடிக்குக் கொண்டுபோயிருக்கிறார். உள்ளே தண்ணீர் ஓடுகிற துவாரங்களுக்குள் வாளி வாளியாக ஊற்றி, பழைய துணியால் வெளியே துடைத்து, காய்ந்த குவியலில் வைத்திருக்கிறார். யோசித்துச் செய்யவில்லை. கை அத்தனை வருடமாகச் செய்ததைச் செய்திருக்கிறது. வெளியே காய்ந்துதான் இருந்தது. உள்ளே தேங்கியிருந்தது.

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல. தெரிந்துகொண்டும் ஏன் வாயை மூடிக்கொண்டு திரிகிறீர்கள் என்று கத்தினேன். முத்துலிங்கம் முகத்தில் எப்படி முழிப்பது என்றார். அதுவும் உண்மைதான். இன்னொரு உண்மையும் இருந்தது, அதையும் முகத்துக்கு நேரே சொன்னேன். ஊர் வேறொருவரைக் குற்றவாளியாக்கிவிட்டது, அது உங்களுக்குச் சுகமாக இருக்கிறது என்றேன். அத்தான் மறுக்கவில்லை.

அடுத்த நாள் முத்துலிங்கத்தின் மனைவி மீனம்மா பஸ்ஸில் வந்து இறங்கினா. புருசனின் குறடும் வார்ப்பு அகப்பையும் எடுத்துப் போக வந்திருந்தா. யாரும் அவருக்குப் பழைய இரும்பு விற்பதில்லையாம். ஒரு வீட்டில் படலையைத் திறக்கவே விடவில்லையாம். வவுனியாவில் மூட்டை தூக்கும் வேலைக்குப் போகப்போகிறாராம், கை ஆறியதும். அந்தக் கையோடு மூட்டை தூக்குவதா என்று அக்கா அழுதா. அத்தான் மீனம்மாவின் கையில் இருந்ததை வாங்கிக் கீழே வைத்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

முத்துலிங்கம் மாமரத்தின் கீழ்க் கதிரையில் இருந்தார். இன்னொரு கதிரையைக் காட்டினார். அத்தான் இருக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார், கிணற்றடி, வாளி, துணி, குவியல். முத்துலிங்கம் வெந்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டினால்கூட நல்லது என்று எனக்குப் பட்டது.

“எனக்கு வந்து சொன்னது காணாது அண்ணை. என்னை எங்க வைச்சுக் கதைச்சினமோ, அங்க போய்ச் சொல்லுங்கோ.”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அறிவித்தல் வாசிக்கிற நேரம், அத்தான் கடைசி வரிசையில் இருந்து எழுந்தார். வழக்கம்போல வெளியேதான் போகிறார் என்று அக்காவும் நினைத்திருப்பா. நடுவழியால் முன்னுக்குப் போனார். பாதர் ஒதுங்கி இடம்விட்டார்.

“அது குண்டில்லை. முத்துலிங்கம் பொறுக்கின சாமானும் இல்லை. என்ர எஞ்சின். நான் கழுவி ஈரத்தோட வைச்சனான், அவன் வெந்துபோனான்.”

 எனக்கு முன்வரிசையில் இருந்த ஒரு கடல்தொழிலாளி, கழுவாமல் எப்படிக் குடுக்கிறது என்று மனைவியிடம் மெல்லக் கேட்டார். அங்கே இருந்த ஆம்பிளைகள் அத்தனை பேரும் அதைக் கழுவித்தான் வைத்திருப்பார்கள். வாசலில் செருப்பைப் போடும்போது பலர் முத்துலிங்கத்தின் கை எப்படி என்று என்னிடம் கேட்டார்கள். முந்திய ஞாயிறு கேட்காதவர்கள். அத்தான் அங்கிருந்தே பொலிசுக்கும் போய் வாக்குமூலம் கொடுத்தார். பிறகு ஒட்டுசுட்டான் சந்திக் கடைகளில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார்.

முத்துலிங்கம் வருவாரா என்று தெரியாமல் நாட்கள் போயின. ஒரு காலை பஸ்ஸால் வந்து இறங்கினார்.  தகரத்தில் கிடந்த சாமான்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் குலுக்கி, காதோடு வைத்துப் பார்த்தார். உலையை மூட்டச் சொன்னார். அலுமினியம் உருகியதும், வலக்கை இன்னும் தூக்க முடியாதென்று சொல்லி, அகப்பையை அத்தானிடம் நீட்டினார். அத்தானை அவர் ஒருநாளும் வார்க்க விட்டதில்லை.

அத்தான் முத்துலிங்கத்தைக் கொஞ்சம் தள்ளி வெளியே நிற்கச் சொல்லிக் கெஞ்சினார். முத்துலிங்கம் உலையோடு ஒட்டி, அத்தானின் தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அவருக்கும் பயம் இருந்தது, முகத்தில் தெரிந்தது. தோளில் கிடந்த துவாயை எடுத்து வெந்த கையை மூடிக்கொண்டார். காலை மட்டும் பின்னால் வைக்கவில்லை.

“ஊத்துங்கோ அண்ணை,” என்றார்.