வெள்ளிக்கிழமை போட்ட சாம்பிராணி

போலந்துக்கு வந்த முதல் குளிர்காலத்தில் எனக்குத் தலைவலி விடவே இல்லை. இரண்டு வயது மகன் கவின் தினமும் வாந்தி எடுத்தான், பிறகு துவண்டு படுத்தான். கணவர் வேலைக்குப் போய்விடுவார். மொழி தெரியாத ஊரில் நானும் குழந்தையும் தனியே.

அரியலூர் சிமெண்ட் ஆலையில் அளவுக் கருவிகள் பிரிவில் வேலை பார்த்தவள் நான். பழுதுக்கான காரணங்களை எழுதி ஒவ்வொன்றாக நீக்குவது என் பழக்கம். தண்ணீர், பால், மூக்குக்கண்ணாடி, தூக்கம் எல்லாம் நீக்கியாயிற்று. தலைவலி போகவில்லை. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார் வீட்டு உரிமையாளர்.

"ஊர் ஞாபகம்தான். பழகிடும்" என்றார் கணவர்.

"புள்ளைக்கும் ஊர் ஞாபகத்துலதான் வாந்தி வருதாங்க?"

அவர் வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

போனில் அம்மா, "தலையில நீர் கோத்திருக்கும்டி. தலைக்குக் குளிச்சிட்டு சாம்பிராணி புடி. புள்ளைக்கும் காட்டு" என்றார்.

"இங்க கரிக்கு எங்கம்மா போவேன்?"

"பொட்டியில வச்சு வுட்டேன்ல, தேடிப் பாரு."

இருந்தது. வெள்ளிக்கிழமை வெந்நீரில் குளித்து, சாம்பிராணி போட்டு, புகை போக ஜன்னலைத் திறந்துவிட்டேன். எங்கள் பக்கத்து சிறுவாச்சூர் அம்மனிடம் சண்டைதான் போட்டேன். "தாயே, வாரத்துல ரெண்டு நாள்தான் கதவத் தெறக்குற. இன்னிக்கு வெள்ளிக்கிழமை, தெறந்துதான் இருப்ப. எம்புள்ளைக்கு என்னன்னு இப்பவே சொல்லு."

சற்று நேரத்தில் தீயணைப்பு வண்டி வந்து நின்றது. எதிர்வீட்டுக்காரர் புகையைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார். வந்தவர்களில் ஒருவர் என் ஈரத்தலையையும் கரிச்சட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். கும்பிட்டதற்கு இதுதான் பலனா என்று எரிச்சலாக வந்தது.

அப்போது அவர் சட்டையில் மாட்டியிருந்த கருவி அலறியது. முதலில் கரியைத்தான் கைகாட்டிக் குற்றம் சொன்னார்கள். சட்டியை வெளியே எடுத்து, மற்ற ஜன்னல்களையும் திறந்து, காற்றோடிய பிறகு மூடினார்கள். கருவி அடங்கியது. குளியலறையில் வெந்நீர் வரும் கேஸ் ஹீட்டரை ஓடவிட்டதும் மறுபடி அலறியது. அதன் புகைக்குழாய் அடைபட்டு, நச்சுவாயு வீட்டுக்குள்ளேயே திரும்பிக்கொண்டிருந்தது.

கார்பன் மோனாக்சைடு. மணமும் நிறமும் கிடையாது. ஆலையில் சூளைப் புகையில் அதை அளக்கும் கருவியைத்தான் நான் பராமரித்தேன். குளியலறையில் கேஸ் எரியாத ஊரில் வளர்ந்தவளுக்கு வீட்டுக்குள் அது இருக்கும் என்று தோன்றவே இல்லை.

வேலையிலிருந்து ஓடிவந்த கணவர், "ஜன்னல எப்பவும்போல இறுக்கி மூடியிருந்தா..." என்று தொடங்கினார். குழந்தையை இறுக்கிக்கொண்டு அழுதார்.

மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்தார்கள். மாலையில் கவின் முகமூடியைப் பிடுங்கி எறிந்து, சோறு கேட்டுக் கத்தினான். பல வாரங்களுக்குப் பிறகு அவனுக்குக் கத்தத் தெம்பு வந்திருந்தது. "நன்றி தாயே" என்று கைகூப்பினேன்.

இப்போது வேறு வீடு, வாயு அளக்கும் கருவியோடு. "பழகிடும்" என்று யார் சொன்னாலும் நான் விடுவதில்லை. அன்பர்களே, பணிவாகக் கேட்க முடியாத நாள் உங்களுக்கும் வரும். அன்று கோபமாகவே கேளுங்கள். சண்டைக்கு நின்ற எனக்கே அவள் பதில் சொன்னாள்.