தங்கச்சி மகளின் குரல்

என் மகளுக்கு அப்போது ஒன்றே முக்கால் வயசு. செருப்பை வலது இடது மாறாமல் போட்டுக்கொள்வாள். டம்ளரைச் சிந்தாமல் பிடித்துக் குடிப்பாள். தண்ணி பாட்டில் மூடிகளை ஒன்றின் மேல் ஒன்றாக ஏழெட்டு அடுக்கிவிட்டுத் தானே கைதட்டிக்கொள்வாள். நான் நெற்றிக்குக் கை கொண்டுபோனால் அவளும் கொண்டுபோய் சலாம் வைப்பாள். பேச்சு மட்டும் வரவில்லை. ‘ம்ம்’, ‘ஆ’ இரண்டோடு சரி.

மாமியார் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “இவ வாப்பாவும் மூணு வயசுலதான் வாயத் தொறந்தான்,” என்பார். எனக்குத்தான் வயிறு எரிந்தது. காரணம் அடுத்த தெருவில் இருந்த என் தங்கச்சி மகள். என் மகளுக்கு இருபது நாள் இளையவள். காக்கா, பூனை, பால்காரர், மோட்டார் எல்லாவற்றையும் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். மேலப்பாளையத்தில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போனால் போதும், அவளைச் சுற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்து ‘மாஷா அல்லாஹ்’ சொல்வார்கள். அப்புறம் என் மடியைப் பார்ப்பார்கள். “ஏளா, இது இன்னும் பேசலியா?” அவர்களுக்கு வேறு வேலையே இல்லை.

மச்சான், அதாவது என் வீட்டுக்காரர், சவூதியில் தமாமில் வேலை பார்த்தார். பிள்ளை ஐந்து மாசக் குழந்தையாக இருந்தபோது போனவர். கூடத் தங்கியிருந்தவரின் மகன் போனில் பிஸ்மி சொல்கிறானாம். “நம்ம புள்ள என்னட்டி சொல்லுதா?” என்று கேட்டார்.

“எல்லாந்தான் சொல்லுதா,” என்றேன். யோசிக்காமல் வந்துவிட்டது.

“அப்ப ஒரு வாய்ஸ் அனுப்பு.”

மறுநாள் தங்கச்சி துணி காயப்போட மாடிக்குப் போன நேரம், அவள் மகளிடம் தேன்மிட்டாயைக் காட்டிச் சொல்ல வைத்தேன். “வாப்பா, எப்ப வாரீய?” மழலையில் அவ்வளவு அழகாகச் சொன்னாள். அனுப்பிவிட்டேன். எங்கள் தெருவில் பாதிப் பேர் குடும்பம் நடத்துவதே வாய்ஸில்தான். யாருக்கும் சந்தேகம் வராது. மச்சானிடமிருந்து அழுத குரலில் பதில் வந்தது. ரூமில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினாராம். அதையே ரிங்டோனாகவும் வைத்துக்கொண்டார். அப்புறம் எப்படி உண்மையைச் சொல்ல? இன்னொன்று கேட்டார், இன்னொன்று அனுப்பினேன். வீடியோவில் பிள்ளை வாய் திறக்காவிட்டால், “உங்க மொகத்தப் பாத்தா வெக்கப்படுதா மச்சான்,” என்பேன். கூசாமல் சொன்னேன்.

இரண்டு வயசு ஆனபோது அங்கன்வாடி டீச்சர் பிள்ளைகளின் வளர்ச்சியைக் குறிக்கும் அட்டையோடு வந்தார். ரெண்டு வார்த்தை சேத்துச் சொல்லுதாளா? சொல்லுதா. கண்ணு எங்க, மூக்கு எங்கன்னு கேட்டாக் காட்டுதாளா? காட்டுதா. பேர் சொன்னாத் திரும்புதாளா? திரும்புதா. டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிள்ளைக்குப் பின்னால் போய், சில்வர் தட்டில் கரண்டியால் ஓங்கி ஒரு போடு போட்டார். உள்ளே படுத்திருந்த மாமியார் பதறி எழுந்து வந்தார். பிள்ளை அசையாமல் அடுத்த மூடியை எடுத்து அடுக்கினாள். நான் அவளை எப்போதும் கிட்டே போய்த் தொட்டுத்தான் கூப்பிடுகிறேன் என்பது எனக்கே அந்த நேரம்தான் உறைத்தது.

“காதைப் பாக்கணும்மா. தள்ளிப் போடாதீய,” என்று அதை அட்டையில் எழுதிக் கையில் கொடுத்தார் டீச்சர்.

அன்றே மச்சானிடம் சொன்னேன். சிரித்தார். “காது கேக்காத புள்ளயா எப்ப வாரீயன்னு கேக்குது? அந்த டீச்சருக்குத்தான் கிறுக்கு. ஆஸ்பத்திரி அது இதுன்னு புள்ளய அலக்கழிக்காத.” அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். அது நம்ம புள்ள குரல் இல்ல மச்சான். அவ்வளவுதான், ஒரு வரி. “சரி மச்சான்,” என்று போனை வைத்தேன். பாவி! அட்டையைப் பீரோவில் சேலைக்கு அடியில் திணித்தேன். டீச்சர் தெருவில் வந்தால் கதவைச் சாத்தினேன். இப்படியே எட்டு மாசம் போனது.

மச்சான் லீவில் வந்தார். காரிலிருந்து பெட்டியைக்கூட இறக்காமல், வாசலில் முட்டி போட்டு மகளைக் கூப்பிட்டார். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு கார் கதவைத் தடவிக்கொண்டிருந்தாள். அதற்குள் தங்கச்சி மகள் ஓடி வந்து, “பெரியாப்பா, எனக்கு என்ன கொண்டாந்தீய?” என்றாள். மச்சான் சட்டென்று நிமிர்ந்தார். தினம் பத்துத் தடவை கேட்ட குரல் அல்லவா, தெரியாமல் இருக்குமா? என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். சோதனை முடிந்ததும் டாக்டரம்மா சொன்னார். இரண்டு காதும் ரொம்ப மோசம். மெஷின் வைத்துப் பழக்கலாம். முந்தியே வந்திருந்தால் பேச்சு இன்னும் சுலபமாக வந்திருக்கும். “யாரும் ஒங்ககிட்ட சொல்லலியாம்மா?”

“சொன்னாங்க. எட்டு மாசத்துக்கு முந்தி.”

அவர் அதையும் எழுதிக்கொண்டார். மச்சான் ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வெளியே ஆட்டோவுக்கு நின்றோம். மகள் அவர் தோளில் சாய்ந்து கிடந்தாள். “எனக்குப் பயந்துக்கிட்டா மறைச்ச?” என்று கேட்டார்.

“இல்ல.”

“பின்ன?”

சொல்ல இன்னும் எத்தனையோ பொய் இருந்தது. போதும் என்றிருந்தது. “இவள என் புள்ளன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு மச்சான்,” என்றேன்.

மகள் முழித்துத்தான் இருந்தாள். அவர் தோளுக்கு மேலே என்னைப் பார்த்துச் சிரித்தாள்.