நைனா வாய் மூடியிருந்த நாட்கள்

நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. ஆந்திர எல்லைக்குள் இருக்கும் நகரியில், எங்கள் வீட்டுப் பின்கட்டில் விசைத்தறிகள் ஓடும். அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி, தறி நின்ற பிறகும் அவர் குரல் இறங்க மறுத்துவிட்டது. சோற்றுக்கு உப்பு கேட்டால் தெருமுனைக் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கலாமா என்று யோசிப்பார். பேச்சுக்கு ஓய்வும் கிடையாது. பல் விளக்கும்போது ஆரம்பித்தால் படுக்கும்வரை ஊர்க்கதை ஓடும். அந்த மனுஷரின் வாயை என் இன்டர்வியூ ஒன்று அடைத்துவிட்டது.

திருப்பதியில் ஹாஸ்டலோடு கூடிய ஒரு தனியார் பள்ளி. ஆறாம் வகுப்புக்கான எழுத்துத் தேர்வில் எப்படியோ தேறிவிட்டேன். பாக்கி இருந்தது இன்டர்வியூ மட்டும்தான். அப்பா, அம்மா இருவரும் கூட வரவேண்டும் என்று போனில் மெசேஜ் வந்தது. அம்மாவை ஏழாவதோடு நிறுத்தி நூல் சுற்ற உட்கார வைத்துவிட்டார்கள். என்னை அப்படி உட்கார வைக்கக்கூடாது என்று அவளுக்கு ஒரு வெறி. அந்த சீட்டு கிடைக்காமல் போனால் என்னைவிட அவள்தான் உடைந்துபோவாள் என்று எனக்கே தெரிந்திருந்தது.

அப்போதுதான் அம்மாவின் தம்பி, அதாவது மாமா, சித்தூரிலிருந்து வந்து இறங்கினார். அங்கே மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் சூப்பர்வைசர். உலகத்தில் எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு யோசனை இருக்கும்.

“அக்கா, அங்க புள்ளைய பாக்கமாட்டாங்க, வூட்டத்தான் பாப்பாங்க. இன்னிலருந்து இந்த வூட்ல தமிழ் கூடாது. இங்கிலீஷ், இல்லன்னா நல்ல தெலுங்கு.”

“அப்ப நான் இன்னா பண்றது?” என்றார் நைனா. அவருக்கும் தெலுங்கு வரும். ஆனால் அது நூல் கடையில் பேரம் பேசிக் கற்ற தெலுங்கு. வாக்கியத்துக்கு ஒரு வசவாவது இல்லாமல் வராது.

“நீங்க பேசாம இருங்க. அதுவே பெரிய உதவி. அங்க போனாலும் தலைய மட்டும் ஆட்டுங்க” என்றார் மாமா.

நைனா என்னைப் பார்த்தார். பிறகு சரி என்று தலையை ஆட்டினார். அன்றைக்கே பயிற்சியை ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்துச் சிரித்தேன்.

அம்மாவின் தெலுங்கு முழுக்க டிவி சீரியலில் வந்தது. சாப்பிடக் கூப்பிட்டால்கூட, சொத்தைப் பிடுங்க வந்த மாமியார் மிரட்டுவதுபோல இருக்கும். எனக்கு அது வேடிக்கை. நைனாதான் பாவம். வாயைத் திறப்பார், மாமா முறைப்பார், மூடிக்கொள்வார். கடைசியில் அவரும் அம்மாவும் தறிச் சாடைக்குப் போய்விட்டார்கள். தறி ஓடும்போது பேச்சு கேட்காது என்பதால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் கைச்சாடை உண்டு. உள்ளங்கையைக் கவிழ்த்து அமுக்கினால் தறியை நிறுத்து. இரண்டு விரலை முறுக்கிக் காட்டினால் இழை அறுந்துவிட்டது, முடிச்சுப் போட்டு ஓட்டு. தறி நின்றிருக்கும் வீட்டுக்குள் அந்தச் சாடையைப் பார்க்க எனக்கு என்னவோபோல் இருந்தது. நைனா சாப்பாட்டையும் குறைத்துக்கொண்டார் என்று அம்மா முனகினாள், தமிழில்தான்.

இன்டர்வியூ அன்று மாமா வராந்தாவில் உட்கார்ந்துகொண்டார். நாங்கள் மூவரும் உள்ளே போனோம். மேஜைக்குப் பின்னால் இருந்த மேடம் பேர் கேட்டார், சொன்னேன். குடும்பத்தைப் பற்றி இங்கிலீஷில் சொல்லச் சொன்னார். உருப்போட்டு வைத்திருந்தேன். “மை ஃபாதர்” என்றேன். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. அம்மாவின் முகம் வெளுத்துக்கொண்டே போனது. நைனாவைப் பார்த்தேன். முழங்காலுக்குப் பக்கத்தில் இரண்டு விரலை மெல்ல முறுக்கிக் காட்டினார்.

மேடமும் அதைப் பார்த்துவிட்டார்.

“இங்கே பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடாது. நீங்கள் வெளியே இருங்கள்” என்றார் தெலுங்கில். பேனாவை மூடி வைத்துவிட்டார்.

நைனா எழுந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கொடுத்த வாக்கு, வாயைத் திறக்கவில்லை. கைகூப்பிவிட்டு, திருட்டுப்பட்டம் சுமந்தவர்போல கதவைப் பார்த்து நடந்தார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது. தெருவில் விளையாடிக் கற்ற தெலுங்கில், தறிக்கு மேலே கத்தும் எங்கள் வீட்டுக் குரலில் கத்தினேன்.

எங்கள் நைனா பதில் சொல்லித்தரவில்லை, அவருக்கு அந்தப் பதிலே தெரியாது என்றேன். இழை அறுந்தால் பயப்படாமல் முடிச்சுப் போட்டு ஓட்டு என்றுதான் காட்டினார் என்றேன். தறிச் சத்தம், சாடை, நைனாவின் ஊர்க்கதைகள், அம்மா நூல் சுற்ற உட்கார்ந்தது எல்லாம் கொட்டிவிட்டேன். இந்தப் பள்ளிக்காக அவர் இத்தனை நாளாக வாயே திறக்கவில்லை என்று சொல்லும்போது அழுகை வந்துவிட்டது.

மேடம் மூடி வைத்த பேனாவை மறுபடி திறந்தார். பிறகு வாசலில் நின்றிருந்த நைனாவைப் பார்த்து, நல்ல தமிழில், “உள்ளே வாங்க. தறியில லுங்கி போடுறீங்களா, சேலையா?” என்று கேட்டார்.

நைனா வராந்தாப் பக்கம் திரும்பி மாமாவிடம் கண்ணால் அனுமதி கேட்டார். மாமா செருப்பை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

“லுங்கிதான்மா” என்றார் நைனா. பக்கத்து அறையிலிருந்து யாரோ எட்டிப்பார்த்தார்கள்.

சீட்டு கிடைத்துவிட்டது. அம்மா பள்ளி வாசலிலேயே என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். பஸ் ஏறியதும் நைனா பேச ஆரம்பித்தார். அவர் தாத்தா தறி வாங்கிய கதை, நான் பிறந்த அன்று கரண்ட் போன கதை, ஏற்கெனவே பலமுறை கேட்டவையெல்லாம் முதலிலிருந்து வந்தன. அடைத்துவைத்த பேச்சு தீரட்டும் என்று கேட்டுக்கொண்டே புத்தூர் வருவதற்குள் அவர் தோளில் தூங்கிவிட்டேன்.

பிறகு அம்மா சொன்னாள். நான் தூங்கியதைப் பார்த்து, உள்ளங்கையைக் கவிழ்த்து அமுக்கி நைனாவை நிறுத்தச் சொன்னாளாம். “தூங்கட்டும். இனிமே ஆஸ்டல்ல யார் இவளுக்குச் சொல்லப் போறாங்க” என்று சொல்லிவிட்டு நைனா நகரி வரும்வரை பேசிக்கொண்டே வந்தாராம்.

விட்டுப்போன பேச்சைத்தான் தீர்க்கிறார் என்று நான் நினைத்திருந்தேன்.