சலவை அறைச் சபை

மனிதன் எதற்காக வாழ்கிறான் என்பதைக் கண்டுபிடித்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மற்றவர் அக்கா. அவள் இப்போது ஆஸ்பத்திரிச் சலவை அறையில், படுக்கை விரிப்பின் ஒரு நுனியை முகவாயால் அமுக்கிப் பிடித்து, மறு நுனியை இழுத்து மடித்துக்கொண்டிருக்கிறாள். எதிரே அலமாரித் தட்டில் துணிக் கிளிப் மாட்டிய நாவல் ஒன்று விரிந்து நிற்கிறது. பக்கம் திருப்புவது முழங்கை. ஈரம் பட்டு உப்பாத புத்தகம் அவளிடம் ஒன்றுகூடக் கிடையாது.

சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் அந்த அறைதான் சபை. ஒரு வாரம் புத்தகம், மறு வாரம் சினிமா. திரைக்கு ஒரு விரிப்பு. அதில் ஆஸ்பத்திரி முத்திரை இருப்பதால், எப்பேர்ப்பட்ட நாயகன் வந்து கண்ணீர் விட்டாலும் தோளில் 'வார்டு 4' என்று இருக்கும். சரியான கட்டத்தில் அக்கா புரொஜெக்டருக்கு முன்னால் உள்ளங்கையை நீட்டி மறைத்துவிடுவாள்.

"இவன விடுங்க. நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

கேண்டீன் மாமா ஒருமுறை, வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவேன் என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அக்கா சிரிக்கவில்லை. "அந்த வீட்ல அப்படி என்ன இருக்கு மாமா, அதச் சொல்லுங்க" என்றாள். மாமா அரை மணி நேரம் பேசினார். கடைசியில் மூக்கைச் சிந்தினார்.

வாய் திறக்கக் கூச்சப்படுகிறவர்களுக்கென்று ஒரு பிஸ்கட் டப்பா உண்டு. பெயர் போடாமல் கேள்வி எழுதிப் போடலாம். மூன்று வாரமாக டப்பா காலி. வருகிற தலைகளும் குறைந்தன. "இன்னிக்கும் ஒண்ணும் இல்லன்னா கலைச்சிடுவோம். ஜனங்கள இழுத்துப் புடிச்சு உக்கார வெக்கிறது பாவம்" என்று காலையில் சாதாரணமாகத்தான் சொன்னாள். மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கவேயில்லை.

தங்கைக்காரி, அதாவது இதை எழுதுகிறவள், வம்புக்குப் பிறந்தவள். சும்மா இருப்பாளா? கையில் அகப்பட்ட ஒரு தாளைக் கிழித்து டப்பாவுக்கு எட்டு சீட்டு, எட்டு விதக் கையெழுத்து, மூன்று இடது கையால். "செத்தப்புறமும் நைட் ஷிஃப்ட் உண்டா?" என்று ஒன்று. விளையாட்டாக எழுதிக்கொண்டே போன கை, கடைசிச் சீட்டில் தடம் மாறிவிட்டது: "ஒண்ணுக்கும் உதவாதவங்க எதுக்கு இருக்கணும்?"

அன்றைய சபையில் அக்கா அதை வாசித்ததும், ஒரு வருடமாக மூலையில் வாய்மூடி உட்கார்ந்திருந்த ஆம்புலன்ஸ் டிரைவர் தொண்டையைச் செருமினார். "நான் எழுதல. ஆனா எனக்கும் இதுதான்" என்றார். நெரிசலில் சிக்கி ஒரு பையனைப் பிழைக்கவைக்க முடியாமல் போன நாளைச் சொன்னார். வண்டியில் அவருக்குப் பக்கத்து இருக்கையில் அவனுடைய அம்மா.

"வழி முழுக்க அந்தம்மா என் சட்டைக் கையப் புடிச்சிட்டே வந்தாங்க. புடிச்சுக்க ஒரு சட்டையாவது இருந்துச்சுல்ல?"

 எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அடுத்த வாரம் எந்தப் படம் என்பதில் சண்டையே வந்தது. அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, ஊரையே வெளுத்துக் காயப்போட்டவள் மாதிரி!

கூட்டம் கலைந்தது. அக்கா எட்டு சீட்டுகளையும் மேசையில் கவிழ்த்துப் போட்டு, ஓரத்தோடு ஓரம் பொருத்தினாள். விரிப்பு மடிக்கிற கைக்கு அது ஒரு வேலையா? தங்கையின் கணக்குப் பரீட்சைத் தாள் முழுசாக வந்து நின்றது. மேலே சிவப்பு மையில் பதினொன்று.

அக்கா பேனாவை எடுத்து, 'பெற்றோர் கையொப்பம்' என்று காலியாகக் கிடந்த கோட்டில், கிழிசலைத் தாண்டி, தன் பெயரை நிறுத்தி எழுதினாள்.