காபி கேட்டு நடந்து வந்தவர்

டோரீன் கங்காஸ் முனைவர் பட்டப் படிப்புக்கு விண்ணப்பித்தபோது அவளுக்கு வயது ஐம்பத்து மூன்று.

"பேரன் பேத்தியக் கொஞ்சுற வயசுல பரீட்சை எழுதப் போறியா?" என்று கேட்டான் கணவன் ரே.

"நீ வருஷா வருஷம் உறைஞ்ச ஏரியில ஓட்டை போட்டு மீன் பிடிக்க உக்காந்துட்டு வெறுங்கையோட வர்றியே, நான் ஏதாச்சும் கேட்டேனா?"

அவன் தூண்டிலைத் துடைக்கப் போய்விட்டான்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநில வடகோடியில், இரும்புச் சுரங்கம் மூடிப்போன ஊரில், முதியோர் இல்லத்து நர்ஸ் அவள். நடந்து வந்து சேர்கிறவர்கள் சில மாதங்களில் சக்கர நாற்காலிக்குப் போய்விடுவதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு மனசு ஆறவில்லை. முதியோர் பராமரிப்பில் முனைவர் பட்டம் வாங்க, பணியிடத்தில் ஒரு மாற்றத்தைச் செய்து காட்ட வேண்டும். அவர்களை மறுபடி நடக்க வைப்பதையே அவள் தேர்ந்தெடுத்தாள்.

காலை உணவுக்குப் பின் ஒவ்வொருவரையும் தாழ்வாரத்தில் நடத்திக் கூட்டிப்போவது திட்டம். முன்னாள் சுரங்கத் தொழிலாளி வெர்னர் ஓயாலா அசையவே இல்லை.

"எதுவரைக்கும்மா நடக்கணும்?"

"அந்தக் கோடி வரைக்கும்."

"அங்க என்ன இருக்கு?"

"சுவர்தான்."

"அதை இங்கிருந்தே பாத்துட்டேன். நீ போ."

மற்றவர்களும் அப்படித்தான். குளிர்காலம் முழுக்கத் திட்டம் படுத்தே கிடந்தது. ஒரு மாலை காருக்குள் உட்கார்ந்து அழுதாள்.

பிறகொரு காலை சமையலறையில் காபி இயந்திரம் பழுதானது. காபி வரத் தாமதம். டோரீன் அங்கே நின்றிருந்தபோது, வாக்கரை டக்டக்கென்று ஊன்றிக்கொண்டு வெர்னர் வாசலில் வந்து நின்றார்.

"நான் செத்தப்புறம்தான் காபி குடுப்பீங்களா?"

"வெர்னர்! நடந்தா வந்தீங்க?"

"பறந்தா வருவேன்? காபி எங்க?"

அன்றே டோரீன் தன் ஆய்வை வழிநடத்தும் பேராசிரியை விட்காமுக்குப் போன் செய்தாள்.

"திட்டத்தை மாத்தணும், மேடம்."

"முதல்லேருந்து அனுமதி வாங்கணுமே. படிப்பு ஒரு பருவம் தள்ளிப்போகும்."

"போகட்டும், பரவால்ல."

அந்த இலையுதிர் காலத்தில், தாழ்வாரக் கோடிக்கு அருகில், கண்ணாடிச் சன்னல்கள் சூழ்ந்த வெயில் அறைக்குக் காபியும் ஏலக்காய் ரொட்டியும் இடம் மாறின. எழ முடியாதவர்களுக்கு மட்டும் அறைக்கே போயின. முதல் வாரம் ஒரே கலவரம்.

"ஜெயில்ல கூட காபி தேடி வரும்!" என்று கத்தினார் வெர்னர். ஆனாலும் போனார்.

எல்மா என்ற பெண்மணி பாதி வழியில் மூச்சு வாங்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். டோரீன் வழி நெடுக நாற்காலிகள் போட்டாள். ஊர்வம்பு அளக்க அவை நல்ல இடமாகிவிட்டன. பனி விழுமுன், இல்லத்தில் பாதிப்பேருக்கு மேல் நடந்தார்கள். வெர்னர் நன்றி சொல்லவில்லை. சீட்டாட மேசை சின்னதாக இருக்கிறதென்று குறை சொன்னார்.

இறுதி வாய்மொழித் தேர்வில் பேராசிரியர் குழுவினர் கேட்டார்கள்: "முதல் திட்டம் ஏன் தோத்துச்சு?"

பூசி மெழுக அவளுக்கு விருப்பமில்லை. "நடங்கன்னு மட்டும்தான் சொன்னேன். எதுக்கு நடக்கணும்னு அவங்க கேட்டப்போ என்கிட்ட பதில் இல்ல."

பட்டம் கிடைத்தது. மேல்நிலை நர்ஸ்களுக்கான உரிமத் தேர்விலும் தேறினாள். இனி அவளே நோயறிந்து மருந்து எழுதலாம். இல்லத்தில் அவள் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கிய முதல் நாள், முதல் ஆளாக வெர்னர் வந்து உட்கார்ந்தார்.

"இனிமே உன்னை டாக்டர்னு கூப்பிடணுமா?"

"வேணாம். சட்டையைக் கழட்டுங்க, நெஞ்சுச் சத்தம் கேக்கணும்."

"இதுக்கா இத்தனை வருஷம் படிச்ச?" என்றபடி பொத்தானைக் கழற்றினார் அவர். டோரீன் ஸ்டெதஸ்கோப்பை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி அவர் மார்பில் வைத்தாள்.

"மூச்சை நல்லா இழுத்து விடுங்க."