பொட்டு வைத்த பெட்டி

எங்கள் அலுவலகத்தில் அலுமாரிக்கு மேல் ஒரு சின்னக் கணினிப் பெட்டி இருந்தது. அதற்குத் திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. சரஸ்வதி பூசையான வாணி விழாவுக்கு வைத்த சந்தனப் பொட்டும் அதன் நடுவே குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அண்ணன் அதைக் கையால் காட்டி, "இதுல மட்டும் ஒருத்தரும் கை வைக்கிறல்ல, தங்கச்சி" என்றார். அண்ணன் என்றால் எங்கள் முதலாளி. மட்டக்களப்பில், அதுவும் ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில், ஒரு மென்பொருள் அலுவலகத்தைப் பல வருடமாக இழுத்துக்கொண்டு வந்த மனிதர். கெட்டிக்காரர். அதை முதலில் சொல்லிவிடுவதுதான் முறை, ஏனென்றால் இந்தக் கதையில் வென்றது நான்.

நாங்கள் செய்துகொண்டிருந்தது குளிர்நாடு ஒன்றில் உள்ள சில சிகிச்சை நிலையங்களுக்கான மென்பொருள். நோயாளி வைத்தியரைப் பார்க்க நேரம் பதிவதும், தன் இரத்தப் பரிசோதனை அறிக்கையை வீட்டில் இருந்தபடியே திறந்து பார்ப்பதும் அதில்தான். நாங்கள் எழுதும் ஒவ்வொரு நிரலையும், அது மற்றவற்றோடு சேருமுன், ஒரு சோதனைக் கருவி தானாகவே வாசிக்கும். கள்ளன் நுழையக்கூடிய ஓட்டை இருந்தால் திரை சிவக்கும், நிரல் அந்த இடத்திலேயே நின்றுவிடும். இல்லாவிட்டால் பச்சை. ஆனால் அந்தக் கருவிக்குச் சொந்த மூளை கிடையாது. எப்படி எழுதினால் ஆபத்து என்று உலகத்தில் பலபேர் கண்டுபிடித்துச் சேர்த்த விதிகளை வைத்துக்கொண்டுதான் அது பார்க்கும். புதிது புதிதாக ஓட்டைகள் தெரியவர, விதிகளும் மாறும். கருவி அவற்றை விடாமல் வாங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

அந்த விதிகள்தான் பொட்டு வைத்த பெட்டிக்குள் இருந்தன. நான் சேருவதற்கு முந்திய ஒரு மாரியில் வாவி பெருகி நகரத்துக்குள் தண்ணீர் வந்து, இணைய இணைப்பு நாள்கணக்கில் அறுந்துபோனது. கருவி புது விதி தேடி வெளியே போகப் பார்க்கும், லைன் கிடைக்காமல் அப்படியே நிற்கும், அதோடு வேலையும் நிற்கும். அண்ணன் அந்தப் பெட்டியைப் பொலித்தீனில் சுற்றிக்கொண்டு குருக்கள்மடத்தில் இருந்த தன் மச்சான் வீட்டுக்குப் போனார். அங்கே லைன் இருந்தது. விதிகள் முழுவதையும் பெட்டிக்குள் இறக்கி, கொண்டுவந்து அலுமாரிக்கு மேல் ஏற்றி, இனி வெளியே போகாதே, இதையே பார் என்று கருவிக்குக் கட்டளை கொடுத்துவிட்டார். வெள்ளத்துக்குள்ளும் வேலை ஒப்பேறியது. அடுத்த வாணி விழாவில் மற்றக் கணினிகளுக்கு முன்னால் இந்தப் பெட்டிக்குத்தான் பொட்டு வைத்தார்களாம். வெள்ளம் வடிந்தது, லைன் திரும்பி வந்தது. கருவிக்குக் கொடுத்த கட்டளையை மட்டும் ஒருவரும் மாற்றவில்லை. பொட்டு வைத்த சாமானை நோண்ட யாருக்கு மனம் வரும்?

எனக்கு வரும். என் சுபாவம் அப்படி. கடையில் காசு கொடுத்து வாங்கிய தராசைக்கூட ஒரு தடவை சந்தேகமாகப் பார்த்துவிட்டுத்தான் நம்புவேன்.

அலுவலகத்தில் எனக்கு வட்டைவிதானை என்று பட்டம். வயல்வெளிக்குள் நடந்து திரிந்து, யார் வரம்பு உடைந்திருக்கிறது, யார் வேலி சாய்ந்திருக்கிறது என்று பார்த்துச் சத்தம் போடுகிறவருக்கு எங்கள் வவுணதீவுப் பக்கத்தில் அந்தப் பெயர். பட்டம் வைத்தவர், எங்களோடு நிரல் எழுதக் காத்தான்குடியிலிருந்து வரும் நானா; முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். கட்டாரில் சில வருடம் வேலை செய்துவிட்டு, இனிப் போகமாட்டேன் என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்துத் திரும்பியவர். நானும் அதே மாதிரித் திரும்பியவள்தான். கொழும்பில் ஜன்னல் இல்லாத அறையில் இரண்டு பேரோடு தங்கி வேலை பார்த்தேன். இங்கே வேலை கிடைத்ததும், ஒரு கிழமைகூடத் தாமதிக்காமல் பெட்டியைக் கட்டினேன். காலையில் ஸ்கூட்டியில் வலையிறவுப் பாலத்தைக் கடந்து வேலைக்கு வருவதை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

அந்த நேரத்தில்தான் வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து செய்தி வந்தது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்குமுன், வெளியிலிருந்து பாதுகாப்புப் பரிசோதகர்களைக் கொண்டு எங்கள் மென்பொருளை உடைத்துப் பார்க்கப் போகிறார்களாம். ஓட்டை அகப்பட்டால் வேலை கொழும்பில் உள்ள ஒரு பெரிய நிறுவனத்துக்குப் போய்விடும். எங்களுக்கு இருந்தது அந்த ஒரு வாடிக்கையாளர்தான். அவர்கள் போனால் மேல்மாடியைப் பூட்டிவிட்டு நானா கட்டாருக்கும் நான் கொழும்புக்கும் போக வேண்டியதுதான். அண்ணன் கொஞ்சமும் கலங்கவில்லை. "நமக்கென்ன பயம்? எத்தின மாசமாப் பச்சதானே" என்றார்.

எனக்கு அந்தப் பச்சைதான் சந்தேகமாக இருந்தது. புத்திசாலிகள் எழுதினாலும் நிரலில் பிழை வரும். இத்தனை மாதமாக ஒரு தரமாவது சிவக்க வேண்டாமா? மறுநாள் காலையில், வேண்டுமென்றே ஒரு மோசமான நிரலை எழுதினேன். கடவுச்சொல்லை அப்படியே வெளிச்சத்தில் எழுதி வைக்கும் பழைய பிழை. கருவி உடனே சிவந்தது. பக்கத்தில் நின்ற அண்ணன் மீசைக்குள் சிரித்தார். "பாத்தீங்களா? நித்திர கொள்ளல்ல அது."

"நில்லுங்கண்ணன், இன்னொண்டு இரிக்கி" என்றேன். கடந்த வருடம் எங்கள் தொழிலில் எல்லோரும் பேசிய ஒரு ஓட்டையை எடுத்து, அதே மாதிரி எழுதி அனுப்பினேன். சாமான்யக் கருவிகூடப் பிடித்திருக்க வேண்டிய பிழை. திரை பச்சையானது. குறை எதுவும் இல்லை என்று கீழே ஒரு வரியும் வந்தது.

அண்ணனின் சிரிப்பு நின்றது. நானா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து பார்த்தார். பழைய கள்ளர்களின் முகம் மட்டும் தெரிந்த காவல்காரனை வாசலில் வைத்துக்கொண்டு நாங்கள் நிம்மதியாக இருந்திருக்கிறோம். பயத்தோடு பயமாக, நான் சந்தேகப்பட்டது சரி என்ற சந்தோஷமும் எனக்கு வந்தது. அதை மறைக்கவும் தெரியவில்லை.

"கட்டளைய மாத்துவம். கருவியையும் புதுசாக்குவம்" என்றேன்.

"இப்ப செய்ய ஒண்ணா" என்றார் அண்ணன். "புதுசாக்கினா எல்லாம் சிவக்கும். வாற கிழம ஒப்படைக்கிற வேல கிடக்கு. பரிசோதனை முடியட்டும், மறுகா பாப்பம்."

"பரிசோதிக்க வாறவங்க புது விதியோடதான் வருவாங்க. அவங்க கண்ணுக்குத் தெரியிறது நமக்குத் தெரியாட்டி, பச்ச இருந்தென்ன, இல்லாட்டியென்ன?"

"வெள்ளத்துக்க நம்மளக் காப்பாத்தின சாமான் அது, தங்கச்சி."

"ஓம், காப்பாத்தினதுதான். நான் அத எறியச் சொல்லல்ல. அதுக்குச் சாப்பாடு குடுக்கச் சொல்லுறன்."

குரல் உயர்ந்துவிட்டது எனக்கு. கீழே புடவைக்கடைக்காரருக்கும் கேட்டிருக்கும். அண்ணன் அலுமாரிக்கு மேல் இருந்த பெட்டியை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "வெள்ளிக்கிழம ஜும்மாவுக்கு முன்னம் திரும்பப் பச்சையாக்கித் தரணும். இல்லாட்டிப் பழையபடி விட்டுருவன்" என்றார். வெள்ளிக்கிழமை நானா பள்ளிவாசலுக்குப் புறப்படுமுன் அந்தக் கிழமையின் வேலை முழுவதையும் ஒன்றாகச் சேர்த்துவிடுவது எங்கள் வழக்கம். அன்று பின்னேரம் யாரும் புதிதாக எதையும் தொடுவதில்லை.

கருவியைப் புதுப்பித்தேன். திரை சிவந்தது என்று சொன்னால் போதாது. விரலால் உருட்ட உருட்ட எச்சரிக்கை முடியவில்லை. நாங்கள் பெருமையாக எழுதிய நிரல், நாங்கள் மறந்துபோன நிரல், வாடிக்கையாளரே தந்த பொது நிரல் எல்லாவற்றிலும் சிவப்பு. அண்ணன் பிளேன்டீ குடிக்கப் போய்விட்டார். நானா தலையில் கை வைத்தார். "என்னகா புள்ள, கொட்டிப்போட்டாய். இத எல்லாத்தையும் அமத்தி வைக்க ஒரு வழி இரிக்கிதானே?"

இருக்கிறது. எச்சரிக்கைகளை ஒரே சொடுக்கில் வாயடைக்கலாம், பல இடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். "பாக்காம அமத்திறது வேற, பாத்துட்டு அமத்திறது வேற, நானா" என்றேன். இருவரும் பங்கு போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். பெரும்பாலானவை வெறும் சத்தம். சோதனைக்காக எழுதிய போலி நிரல், யாருக்கும் எட்டாத மூலையில் கிடந்த நிரல். அவற்றை ஏன் விடுகிறோம் என்று பக்கத்திலேயே எழுதிவிட்டு அமத்தினோம். சிலது உண்மையான குறை, ஆனால் சின்னது. திருத்தினோம். நானா திட்டிக்கொண்டே செய்தார், ஆனால் என்னைவிட வேகமாகச் செய்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் நானாவின் சத்தம் நின்றது. "தங்கச்சி, இஞ்ச வாங்க" என்றார். அவர் வாயில் 'புள்ள' போய்த் 'தங்கச்சி' வந்ததிலேயே விஷயம் பெரிது என்று விளங்கிவிட்டது.

நோயாளி தன் அறிக்கையைத் திறக்கும் இடம் அது; வாடிக்கையாளர் தந்த பொது நிரலின் ஒரு பகுதி. கோப்பின் பெயர் போக வேண்டிய இடத்தில் இரண்டு புள்ளியும் ஒரு சாய்கோடும் போட்டால், அவருடைய கோப்புகள் இருக்கும் அறையின் கதவு திறந்து வெளியே விட்டது; அங்கிருந்து மற்ற நோயாளிகளின் அறைகளுக்குப் போகலாம். திரும்பவும் போட்டால் அதற்கும் அப்பால். சோதனைக் கணினியில் போட்டுப் பார்த்தோம். நாங்கள் பொய்யாக உருவாக்கி வைத்திருந்த வேறொரு நோயாளியின் அறிக்கை, முழுதாக, எங்கள் முன்னால் திறந்தது. உண்மையான நோயாளிகளுக்கும் அதே கதவுதான். யாரோ ஒரு பெண் யாருக்கும் சொல்லாமல் வைத்திருக்கும் நோயை யார் வேண்டுமானாலும் வாசித்திருக்கலாம்.

அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவர் இரண்டு தரம் தானே செய்து பார்த்தார். "ஒப்படைக்கிற வேலய விடுங்க. முதல்ல இத அடைங்க" என்றார். வாடிக்கையாளருக்கு அன்றே உள்ளதை உள்ளபடி எழுதினார். ஒருவரும் அந்த வழியால் நுழைந்திருக்கவில்லை என்பதைப் பதிவுகளில் அவரே உட்கார்ந்து பார்த்து உறுதிசெய்தார். அந்த மனிதர் மேல் எனக்கு இருந்த கோபம் அந்த மத்தியானத்தோடு போய்விட்டது.

வெள்ளிக்கிழமை, நானா தொப்பியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் விசையைத் தட்டினார். மூன்று பேரும் திரையையே பார்த்தோம். கருவி ஆறுதலாக, எங்களைச் சோதிக்கிற மாதிரி, ஒவ்வொன்றாக வாசித்தது. பச்சை. புது விதிகளோடு, நேர்மையாகச் சம்பாதித்த பச்சை. "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு நானா படியிறங்கினார்.

அதற்குப் பிறகு பெட்டியை இறக்கித் துடைத்தேன், பொட்டைத் தொடாமல்தான். வெள்ளம் திரும்ப வரும், லைன் திரும்ப அறும். அதனால் பெட்டியில் உள்ள பிரதி தேவை. ஆனால் லைன் இருக்கும் நாளெல்லாம் அது தானாகப் போய்ப் புது விதிகளை வாங்கி வரும்படி செய்தேன். லைன் இருந்தும் வாங்காமல் நாள் கடந்தால் கருவியே சிவந்து எங்களை நிறுத்தும்படியும் செய்தேன். கருவிக்கும் புதுப்பிப்பு வரும்போது அதைத் தனியாக எடுத்து, என்ன மாறியது என்று வாசித்து, மற்ற வேலையோடு கலக்காமல் சேர்ப்பது திங்கட்கிழமையின் முதல் வேலை. கொஞ்சம் கொஞ்சமாக வந்தால் வெள்ளம் இல்லை. முறை வைத்து மூன்று பேரும் செய்கிறோம், அண்ணன் உட்பட.

பரிசோதகர்கள் வேலையைத் தொடங்கினார்கள், தங்கள் நாட்டில் இருந்தபடியே எங்கள் மென்பொருளைத் தட்டி, இழுத்து, நெளித்துப் பார்த்தார்கள். முடிவு சொல்வதற்கு வாடிக்கையாளர் பக்கத்து அம்மா திரையில் வந்தார். எல்லாவற்றுக்கும் பொறுப்பானவர், தேவையில்லாமல் சிரிக்கமாட்டார். அண்ணன் புதுச் சட்டை போட்டிருந்தார். நானா வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். நான் மேசைக்குக் கீழே கையைக் கோத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அவர் ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். அந்தப் பொது நிரலை எங்களைப் போல அவர்களுக்கு வேலை செய்யும் இன்னும் இரண்டு குழுக்களும் பயன்படுத்துகின்றனவாம். இரண்டும் பெரிய நகரங்களில் இருக்கும் பெரிய குழுக்கள். நாங்கள் எச்சரித்து எழுதியதை அவர்களுக்கும் அனுப்பியிருந்தார்களாம். தங்கள் கருவி பச்சை காட்டுகிறது, பிரச்சினை இல்லை என்று இருவருமே பதில் போட்டார்களாம். பரிசோதகர்கள் இரண்டு இடத்திலும் அந்தக் கதவால் நுழைந்துவிட்டார்கள். எங்களிடம் மட்டும் நுழைய முடியவில்லை.

ஒப்பந்தம் தொடரும் என்றார். அதோடு நிற்கவில்லை. அந்த இரண்டு குழுக்களின் சோதனைக் கருவிகளையும் புதுப்பித்து வைத்திருக்கும் பொறுப்பை எடுக்க முடியுமா என்று அண்ணனிடம் கேட்டார்.

அண்ணன் கணினியை என் பக்கம் திருப்பினார். "அவவிட்டக் கேளுங்க" என்று தமிழிலேயே சொல்லிவிட்டார். எப்படியோ அந்த அம்மாவுக்கு விளங்கிவிட்டது.

செய்யலாம், ஆனால் இங்கிருந்துதான் செய்வேன், கொழும்புக்கோ வேறிடத்துக்கோ வரமாட்டேன் என்றேன். கேட்பதற்குத் திமிராக இருந்திருக்கும். இருக்கட்டும்.

அந்த அம்மா முதல் தடவையாகச் சிரித்தார். "உங்களை யார் வரச் சொன்னது? மற்ற இரண்டு குழுக்களையும் அல்லவா உங்களிடம் அனுப்புகிறேன்" என்றார்.

திரை அணைந்ததும் நான் அழுதுவிட்டேன். நானா தன் வீட்டுக்கு அழைப்பெடுத்து, கட்டார் கதையை இனி எடுக்க வேண்டாம் என்று மனைவியிடம் உரக்கச் சொன்னார். அடுத்த திங்கட்கிழமை அந்த இரண்டு குழுக்களின் கருவிகளையும் திறந்து புதுப்பித்தேன். திரையில் சிவப்பு கொட்டத் தொடங்கியது. நான் கதிரையைச் சரியாக இழுத்துப் போட்டு, என் ஊரில் இருந்தபடியே, முதலாவதை வாசிக்கத் தொடங்கினேன்.