நாலு பேர் வேலை

நம்பிராஜனுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு காரியம்தான் ஆகவேண்டியிருந்தது. சிராஜ் வாயிலிருந்து ஒரு சொல் வரவேண்டும். அதுவும் அபுதாஹிர் டீக்கடையில், நாலு பேர் காது கேட்க வரவேண்டும். செவ்வாய்க்கிழமை ரயிலில் சிராஜ் ஊருக்குப் போகிறான். மேலப்பாளையத்தில் அண்ணன் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார், இனி அங்கேதான். அவன் போய்விட்டால் அந்தச் சொல்லைச் சொல்லத் தாராவியில் ஆளே கிடையாது.

அப்படியென்ன வைரம் பதித்த சொல் என்று கேட்கலாம். ஆளைத் தெரிந்தால்தான் சொல்லின் அருமை தெரியும். நம்பிராஜனுக்கு நாற்பத்தாறு வயது. அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து பதினெட்டு வயதில் ரயிலேறி வந்தவர். அன்றிலிருந்து பம்பாய்த் தாராவியில், காலா கில்லா என்கிற பழைய கோட்டைக்குப் பின்னால் இருந்த தோல் கிடங்கில்தான் வேலை. பதனிட்ட தோலைக் காயப்போடுவது, திருப்பிப் போடுவது, மடித்து அடுக்குவது. உட்கார்ந்தால் எழுந்திருக்க யோசிப்பார், எழுந்துவிட்டால் திரும்ப உட்கார யோசிப்பார். அவ்வளவு அலுப்பு உடம்பில் ஏறிக் கிடந்தது. கால் இரண்டும் முழங்காலுக்குக் கீழே வெந்து ஆறின மாதிரி வெளுத்துத் தடித்திருக்கும். மழைக்காலம் வந்தால் அரிப்பு பிடுங்கும். அவர் சம்சாரம் பேராச்சி தேங்காயெண்ணெயைக் காய்ச்சித் தேய்த்துவிடுவாள். தேய்க்கிற நேரமெல்லாம் யாரையாவது வைதுகொண்டே தேய்ப்பாள்.

இந்த மனுஷனுக்கு ஒரே ஒரு கிறுக்கு, பந்தாட்டம். தான் ஒருநாளும் பந்தை உதைத்தவர் இல்லை, பார்க்கிறதோடு சரி. காலா கில்லா லெவன் என்று நம்மாட்களின் டீம் ஒன்று இருந்தது. அது குர்லாவில் ஆடினாலும் செம்பூரில் ஆடினாலும் நடந்தே போய்க் கோட்டோரத்தில் முதல் ஆளாக நிற்பார். தொண்டை கட்டக் கத்திவிட்டு, மறுநாள் வேலையில் சைகையால் பேசுவார். டீமில் பாதிப் பேர் தோல் கிடங்குக்காரர்கள். வெறுங்கால் ஆட்டக்காரர்கள். அதில் நாலு பேருக்குச் சுண்ணாம்புக் குழியில் வேலை. அந்த நாலு பேரில் ஒருத்தன்தான் சிராஜ். முன்னால் நின்று கோல் போடுகிறவனும் அவன்தான்.

அறுபத்திரண்டாம் வருஷம் ஜூலையில் குர்லா மைதானத்தில் நடந்த மழைக்கோப்பைப் போட்டியில், யாரும் எதிர்பாராமல், நம்மாட்கள் ஃபைனல் வரைக்கும் வந்துவிட்டார்கள். எதிரே பூட்ஸ் போட்ட ஒர்க்‌ஷாப் டீம். மூன்று வருஷமாகக் கோப்பையை வேறு யாரையும் தொடவிடாதவர்கள். ஃபைனல் சனிக்கிழமை என்று ஏற்பாடு. இங்கேதான் நம் குழிக்காரர்கள் அதிபுத்திசாலித்தனம் பண்ணினார்கள். முடி கழல ஆட்டுத்தோலைச் சுண்ணாம்புக் குழியில் போட்டால் எட்டாம் நாள் எடுத்தே ஆகவேண்டும். ஒருநாள் தள்ளினாலும் தோல் நைந்துபோகும், ஊறின அப்பளம் மாதிரி கையோடு வரும். அதனால் எப்போதும் ஒரு நாளைக்கு ஒரு குழி என்றுதான் நிரப்புவார்கள். இவர்களோ சனிக்கிழமை கை ஓய்வாக இருக்கட்டும் என்று நாலு குழியையும் ஒரே நாளில் நிரப்பிவிட்டார்கள், எட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமையில் விழுகிற மாதிரி. சனிக்கிழமை ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை நாலு பேருமாக இறங்கி எடுத்துவிடலாம் என்று எண்ணம். மழை வந்தால் என்ன ஆகும் என்று ஒருத்தன் யோசிக்கவில்லை. ஜூலை மாசத்துப் பம்பாயில்! வந்தது மழை. சனிக்கிழமை மைதானத்தில் எருமை நீந்துகிற அளவுக்குத் தண்ணீர். ஃபைனலை மறுநாளைக்குத் தள்ளிவிட்டார்கள்.

மேஸ்திரி பிரம்மநாயகம் நல்ல மனுஷன்தான். ஆனால் தோல் விஷயத்தில் அவருக்கு அண்ணனும் கிடையாது, தம்பியும் கிடையாது. ஞாயிறு சாயங்காலத்துக்குள் குழி காலியாகவில்லை என்றால் நாலு பேரும் திங்கட்கிழமை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஞாயிறு காலையில் நாலு பேரும் குழி ஓரத்தில் இழவு வீட்டில் உட்கார்ந்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். சிராஜ் அழுதேவிட்டான். இருபத்திரண்டு வயசுப் பையன், கோப்பை கண்ணுக்கு முன்னால் தெரிகிறது, கால் குழிக்குள் இருக்கிறது, அழாமல் என்ன செய்வான்? அவர்களைக் கையோடு கூட்டிக்கொண்டு போகலாம் என்று வந்த நம்பிராஜனுக்குப் பொறுக்கவில்லை. அவருக்கு அன்றைக்கு லீவு. குர்லாவுக்குப் போகவென்று வெள்ளை வேட்டி உடுத்தி வந்திருந்தார்.

"நீங்க போங்கலே. நான் பாத்துக்கிடுதேன்," என்றார்.

"இது நாலு பேரு வேலைல்லா, அண்ணாச்சி," என்றான் சிராஜ்.

"ஒரு ஆளு செஞ்சா வேலை கோவிச்சுக்கிடாது. போங்கலே."

வெள்ளை வேட்டியை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டுக் குழிக்குள் இறங்கினார். அவர் அதுவரை குழி வேலை பார்த்தவர் இல்லை. குழிக்கு நூறு தோல். முழங்கால்வரை சுண்ணாம்புத் தண்ணீரில் நின்று, ஒவ்வொன்றாக இடுக்கியால் பிடித்திழுத்து மேலே போடவேண்டும். ஆடு செத்தாலும் ஈரத்தோலின் கனம் சாகாது. குர்லாவில் ஆட்டம் தொடங்க விசில் ஊதியிருப்பான் என்று நினைத்தபோது மூன்றாவது குழியில் பாதிதான் ஆகியிருந்தது. குர்லா பக்கமாகக் காதைக் கொடுத்துப் பார்த்தார். ரயில் சத்தம்தான் கேட்டது. கடைசித் தோலை மேலே தள்ளியபோது கால் இருக்கிறதா இல்லையா என்றே அவருக்குத் தெரியவில்லை. அப்போது டால்டா டின்னைத் தட்டிக்கொண்டு கூட்டம் வந்தது. ஒன்றுக்குச் சைபர். சிராஜ் கோப்பையோடு கிடங்குக்குள் ஓடிவந்து, சேற்றோடு சேறாக அவரைக் கட்டிக்கொண்டு, "இது ஒங்க கப்பு, அண்ணாச்சி," என்றான். உள்ளே அவர்கள் இரண்டு பேர்தான். கூட்டமெல்லாம் தெருவில் ஆடிக்கொண்டிருந்தது.

பார்க்காதவனுக்குத்தான் பசி அதிகம். மறுநாளிலிருந்து நம்பிராஜன் ஆட்டம் பார்த்தவர்களை ஒவ்வொருத்தராகப் பிடித்து உட்காரவைத்துக் கேட்டார். பந்து எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, கோல்கீப்பர் எங்கே நின்றான், அப்போது மழை பெய்ததா, தூறலா, எல்லாம் கேட்டார். ஆறு வருஷம் போனது. ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்குப் பாதி மறந்துபோயிற்று. பார்க்காத நம்பிராஜனிடம் மட்டும் ஆட்டம் முழுசாக இருந்தது. ஞாயிறு சாயங்காலம் அபுதாஹிர் கடையில் யாராவது ஆரம்பிப்பார்கள், நடுவில் தடுமாறுவார்கள், உடனே நம்பியண்ணாச்சி சொல்லட்டும் என்று குரல் வரும். அவர் சொல்வார். ஆடுகிறவன் மூச்சுவாங்குவதுகூடக் கேட்கும், அப்படிச் சொல்வார். புதிதாகத் தாராவிக்கு வந்தவர்கள் அவரும் கோட்டோரம் நின்று பார்த்தவர் என்று நினைத்துக்கொண்டார்கள். போகப்போகப் பழைய ஆட்களும் அப்படியே நினைத்துக்கொண்டார்கள். அவரும் மறுக்கவில்லை. பார்க்காதவன் சொல்லும் கதையை எவன் கேட்பான்?

இதில்தான் பேராச்சிக்கு ஆத்திரம். ஃபைனல் நடந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரி இரண்டு காலும் கொப்பளித்து அவர் படுத்துக் கிடந்தபோது விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள். "அவன் கோல் போட்ட கதைய ஊருக்கெல்லாம் சொல்லுதிய. ஒங்க கால் வெந்த கதைய எவன் சொல்லுதான்?" என்பாள். அவர் சிரித்து மழுப்புவார். ஆனால் இந்த ஒரு வருஷமாக அவருக்கும் உள்ளே அந்த ஆசை ஊறிவிட்டது. பெரிய ஆசை இல்லை. மாலை வேண்டாம், மரியாதை வேண்டாம். அன்றைக்கு நம்பியண்ணாச்சி குழியில் நின்றார் என்று ஒரு ஆள் ஒரு தடவை சொன்னால் போதும். தானே சொன்னால் தற்பெருமை. அதோடு, இத்தனை நாள் பார்த்த மாதிரி பேசினாயே என்று கேட்பார்கள். விஷயம் தெரிந்த அந்த நாலு பேரில் ஒருத்தன் காசநோயில் போய்ச் சேர்ந்தான். இரண்டு பேர் எங்கே இருக்கிறார்கள் என்றே தகவல் இல்லை. மேஸ்திரி ஊரோடு போய்விட்டார். மிச்சம் சிராஜ். அவனும் முழங்கால் கெட்டு இப்போது நொண்டி நடக்கிறான். மதராசி என்றால் ரோட்டில் முறைத்துப் பார்க்கிற காலமும் வந்துவிட்டது. போதும் என்று கிளம்புகிறான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை சிராஜை வழியனுப்ப டீக்கடையில் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். அபுதாஹிர் எல்லாருக்கும் டீயும் வெண்ணெய் தடவின மஸ்கா பன்னும் கொடுத்தார். நம்பிராஜன் வரும்போதே அலுத்துப்போய்த்தான் வந்தார். காலையிலிருந்து தூறல், கால் அரிப்புத் தாங்கவில்லை. செல்லப்பாண்டி என்று ஒருத்தன், மில்லில் வேலை பார்க்கிறவன், வாய்த்துடுக்கு ஜாஸ்தி. சிராஜ் கால் போனபிறகு பந்துக்கெல்லாம் நிம்மதி என்று ஆரம்பித்தான். எல்லாரும் சிரித்தார்கள். அப்படியே பேச்சு ஃபைனலுக்குப் போய்விட்டது.

நம்பிராஜன் சொல்ல ஆரம்பித்தார். வேண்டுமென்றே நிதானமாகச் சொன்னார். சனிக்கிழமை மழையைச் சொன்னார், ஆட்டம் தள்ளிப்போனதைச் சொன்னார், அந்த இடத்தில் நிறுத்திச் சிராஜ் முகத்தைப் பார்த்தார். எடுத்துக்கொடுக்கிற மாதிரி, அன்றைக்கு நீங்கள் நாலு பேரும் வந்ததே பெரிய பாடு இல்லையா என்றும் கேட்டார். சிராஜ் தலையாட்டினான். பன்னை டீயில் தோய்த்தான். நம்பிராஜன் மேலே சொல்லவேண்டியதாயிற்று. ஆட்டம் முடிய மூன்று நிமிஷம். உயரமாக வந்த பந்து கோலுக்கு முன்னால் ஒரு குட்டையில் விழுந்து, உருளாமல், செத்த மாதிரி நின்றுவிட்டது. உருண்டு வரும் என்று காத்திருந்த கோல்கீப்பரும் நின்றான், எல்லாரும் நின்றார்கள். சிராஜ் ஒருத்தன் ஓடினான்.

அப்போது சிராஜ் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். ஒன்று சொல்லவேண்டும் என்றான். சொல்லப் போகிறான், இதோ சொல்லப் போகிறான் என்று நம்பிராஜன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"எல்லாரும் நான் கோல் போட்டேன்னு சொல்லுதாங்க. நானும் அன்னைக்கு நின்னுட்டேம்பா. மேக்கொண்டு ஓடத் தோணல. அப்பத்தான் கோட்டுப் பக்கத்துல இருந்து 'ஏலே சிராஜு, அடிலே'ன்னு ஒரு சத்தம். நம்பியண்ணாச்சி சத்தம். அத்தனை கூட்டத்துல அது மட்டும் என் காதுல விழுந்தது. அதான் ஓடினேன். அது அவுக போட்ட கோலு."

சொல்லும்போதே அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. பொய் சொல்கிறவன் கண் அப்படிக் கலங்காது. அந்தச் சத்தம் எங்கேயிருந்து வந்தது என்று நம்பிராஜனுக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால், இதே கடையில், கதை சப்பென்று இருக்கிறதே என்று அவரே சேர்த்த சத்தம் அது. கோட்டோரம் யாரோ ஒருத்தன் கத்தினான் என்றுதான் சேர்த்தார். அவன் அதை எடுத்து, அதற்கு ஒரு முகமும் வைத்து, ஆசையோடு அவருக்கே கொடுக்கிறான். கடையில் எல்லாரும் கை தட்டினார்கள். செல்லப்பாண்டி அவர் முதுகில் ஒன்று வைத்தான்.

இதற்கு மேல் என்ன கேட்பது? ஆனாலும் மனசு கேட்கவில்லை. கைதட்டல் அடங்கட்டும் என்று இருந்துவிட்டு, சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டார்.

"அதெல்லாம் சரி, சிராஜு. அன்னைக்கு எட்டாம் நாளு. நாலு குழி நெறைஞ்சு கெடந்துச்சே. அத யாருடே காலி பண்ணுனா?"

சிராஜ் யோசித்தான். உண்மையாகவே நெற்றியைச் சுருக்கி யோசித்தான்.

"யாரோ எறங்குனாவ, அண்ணாச்சி. மேஸ்திரி ஆள் போட்டிருப்பாரு. பாவம், யாரு பெத்த புள்ளையோ."

நம்பிராஜன் ஆமாம் என்றார். டம்ளரில் ஆடை படிந்திருந்தது, அதை விரலால் ஒதுக்கிவிட்டு மிச்ச டீயைக் குடித்தார். சிராஜ் கையைப் பிடித்து, போய்ச் சேர்ந்ததும் ஒரு கடுதாசி போடு என்று சொன்னார். அவன்மேல் கோபம் வரவில்லை. கோபப்படவும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

கடையிலிருந்து அவர் குடியிருக்கும் சந்து பத்து நிமிஷ நடை. அவருக்கு அரைமணி ஆயிற்று. பேராச்சி எண்ணெயைக் காய்ச்சி வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். அவர் உட்காருவதற்குள் கேட்டுவிட்டாள்.

"சொன்னானா?"

நம்பிராஜன் அவள் முகத்தைப் பார்த்தார். ஆறு வருஷமாக அந்தக் காலைத் தேய்த்துத் தேய்த்து அவள் உள்ளங்கையும் வெளுத்துப்போயிருந்தது.

"சொன்னான்," என்றார்.

"எல்லாத்துக்கும் முன்னாலயா?"

"எல்லாத்துக்கும் முன்னாலதான்."

பேராச்சி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அன்றைக்கு அவள் யாரையும் வையவில்லை. காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, என்ன சொன்னான், எப்படிச் சொன்னான், ஒன்று விடாமல் சொல்லுங்கள் என்றாள்.

அவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"மொதல்ல அவன் எந்திரிச்சு நின்னான்," என்று ஆரம்பித்தார்.